மேஜிக் மிரரில் பல பக்கங்கள்: மாட்யூல்களைப் பிரித்து அடுக்க முழுமையான வழிகாட்டி

ஸ்மார்ட் கண்ணாடி, அதாவது பின்னால் திரை வைத்துத் தகவல் காட்டும் கண்ணாடி, செய்து சுவரில் மாட்டிய முதல் மாதத்தில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும். கடிகாரம் போட்டாயிற்று, வானிலை போட்டாயிற்று, அப்படியே காலண்டர், செய்தி, ஒரு வாழ்த்து வாசகம் என்று கை நிற்காது. என் வீட்டில் வாஷ்பேசினுக்கு மேல் மாட்டிய கண்ணாடியும் அப்படித்தான் ஆனது. ஷேவ் செய்தால் கன்னத்தின் மேல் தலைப்புச் செய்தி ஓடியது. முகம் பார்க்க இடமில்லாத கண்ணாடி எதற்கு?

அதற்கு மருந்துதான் பக்கங்கள். கண்ணாடியை இயக்கும் மேஜிக் மிரர் மென்பொருளில் கடிகாரம், வானிலை என்று ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல், அதாவது ஒரு துணை நிரல்; பக்கம் பிரிக்கவென்றே எம்எம்எம்-பேஜஸ் என்றொரு மாட்யூல் இருக்கிறது. நெதர்லாந்துக்காரர் மைக்கேல் டேயு 2014-இல் தொடங்கிய மேஜிக் மிரர் திட்டத்தை உங்கள் ராஸ்பெரி பை (சுருக்கமாக "பை") என்ற குட்டிக் கணினியில் ஏற்கெனவே நிறுவி, கடிகாரமாவது தெரிகிறது என்ற நிலையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆப்ஷன்களின் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இரண்டு மூன்று சொல் சேர்ந்த ஆப்ஷன் என்றால் நடுவில் இடைவெளி வேண்டாம்; இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்து மட்டும் கேப்பிடல்.

முதலில் ஒரு உண்மை: பக்கம் என்று ஒன்று கிடையாது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் பாதி வழியில் குழம்பிப்போவீர்கள். நான் குழம்பினேன்.

புத்தகத்தின் பக்கம் போலவோ, இணையதளத்தின் பக்கம் போலவோ இங்கே தனித்தனி பக்கங்கள் இல்லை. கான்ஃபிக் ஃபைலில் நீங்கள் எழுதிய எல்லா மாட்யூல்களும் கண்ணாடி ஆன் ஆனதுமே ஒன்றாக ஏற்றப்பட்டுவிடும். கூத்து தொடங்குவதற்கு முன்பே எல்லா வேஷக்காரர்களும் அரிதாரம் பூசித் திரைக்குப் பின்னால் தயாராக நிற்பது போல. எம்எம்எம்-பேஜஸ் செய்வது திரை பிடிக்கிற வேலை மட்டும்தான். இந்தப் பக்கத்துக்கு இன்னின்னார் முன்னால் வாருங்கள், மற்றவர்கள் மறைந்து நில்லுங்கள் என்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தானாக விளங்கும். ஒன்று, பக்கம் பிரித்ததால் பையின் சுமை குறையாது. மறைந்திருக்கும் செய்தி மாட்யூலும் பெரும்பாலும் பின்னணியில் செய்தியை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 1 ஜிபி ராம் உள்ள பழைய பையில் இருபது மாட்யூல் திணறுகிறது என்றால், அதை ஐந்து பக்கமாகப் பிரித்தாலும் திணறத்தான் செய்யும். இரண்டு, ஒரு மாட்யூலுக்கு ஒரே இடம்தான். முதல் பக்கத்தில் இடது மூலை, இரண்டாம் பக்கத்தில் வலது மூலை என்று அதே மாட்யூலை நகர்த்த முடியாது. அதற்கு அதே மாட்யூலை இரண்டு முறை எழுத வேண்டும். மூன்று, எந்தப் பக்கத்திலும் பெயர் சேர்க்காத மாட்யூல் எப்போதும் திரைக்குப் பின்னாலேயே நிற்கும். அப்டேட் அறிவிப்பு மாட்யூலைப் பலர் இப்படித்தான் தெரியாமல் தொலைக்கிறார்கள்.

காகிதத்தில் போடுங்கள்

கீபோர்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று செவ்வகம் வரையுங்கள். கண்ணாடி முன்னால் யார், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று யோசியுங்கள். "செய்திப் பக்கம்", "வானிலைப் பக்கம்" என்று பொருள்வாரியாகப் பிரிப்பதைவிட ஆட்களை வைத்துப் பிரிப்பது நல்லது. காலையில் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைக்கு மணியும், மழை வருமா என்பதும், இன்று என்ன நிகழ்ச்சி என்பதும் ஒரே பார்வையில் வேண்டும். அவை மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

என் வீட்டுக் கண்ணாடியின் ஏற்பாட்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எல்லாப் பக்கத்திலும் கடிகாரம். முதல் பக்கத்தில் இப்போதைய வானிலையும் காலண்டரும். இரண்டாம் பக்கத்தில் வரும் நாட்களின் வானிலையும் செய்தியும். மூன்றாம் பக்கத்தில் வாழ்த்து வாசகம் மட்டும். அதாவது கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. இந்த மூன்றாம் பக்கத்தை வீணென்று நினைக்காதீர்கள். வீட்டில் அதிகம் பயன்படுவது அதுதான்.

செவ்வகத்தின் நடுவில் ஒரு முட்டை வடிவம் போட்டு "முகம்" என்று எழுதிவிடுங்கள். மிடில் சென்டர் என்ற இடத்தில் எதையும் வைக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். மேல் மூலைகள், கீழ்ப் பட்டை, வேண்டுமானால் கீழ் மூன்றில் ஒரு பங்கு, அது போதும்.

நிறுவுதல்

இது ஐந்து நிமிட வேலை. டெர்மினலில் மேஜிக் மிரர் ஃபோல்டருக்குள் உள்ள மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குப் போய், எம்எம்எம்-பேஜஸின் கிட்ஹப் முகவரியை கிட் க்ளோன் செய்யுங்கள், அதாவது அதன் நகலை இறக்கிக்கொள்ளுங்கள். அதே போல எம்எம்எம்-பேஜ்-இண்டிகேட்டரையும். இது கீழே சின்னச் சின்ன வட்டங்களைக் காட்டி, எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம் என்று சொல்லும். லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு முக்கியம். முதல் மூன்று எழுத்துகள் மட்டும் கேப்பிடல், பேஜஸ் என்பது சின்ன எழுத்து. கான்ஃபிக்கில் எழுதும் பெயர் ஃபோல்டர் பெயரோடு அச்சாகப் பொருந்த வேண்டும்.

கான்ஃபிக் ஃபைலைத் தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒரு கமா விட்டுப்போனாலும் கண்ணாடி கறுப்பாகிவிடும். அந்தக் காலை நேரத்தில் வீட்டில் வாங்கும் பேச்சை நகல்தான் தடுக்கும்.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி அடையாளம்

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மேஜிக் மிரரை நிறுவும்போது வரும் மாதிரிக் கான்ஃபிக்கில் வெதர் மாட்யூல் இரண்டு முறை இருக்கும். ஒன்று இப்போதைய நிலவரம், இன்னொன்று வரும் நாட்களின் முன்னறிவிப்பு. இரண்டுக்கும் பெயர் வெதர்தான். முதல் பக்கப் பட்டியலில் "வெதர்" என்று எழுதினால் எது வரும்? இரண்டும் வரும். பேஜஸ் மாட்யூல் ஆளைத் தேடுவது கிளாஸ் என்ற அடையாளத்தை வைத்து. ஒவ்வொரு மாட்யூலின் பெயரும் தானாகவே அதன் கிளாஸ்களில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. "முருகன்" என்று தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவது மாதிரி.

ஆகவே ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இரண்டுக்குமே தனித்தனி கிளாஸ் கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. வெதர் மாட்யூலின் பெயர் வரும் வரிக்கும் இடம் குறிக்கும் வரிக்கும் பக்கத்திலேயே "கிளாசஸ்" என்றொரு வரி சேர்க்க வேண்டும். மாட்யூலின் உள் கான்ஃபிக் அடைப்புக்குள் போட்டால் அது வேலை செய்யாது. முதல் வெதருக்கு "வெதர்_நவ்", இரண்டாவதற்கு "வெதர்_வீக்" என்று நான் வைத்தேன். பெயர் உங்கள் இஷ்டம், ஆனால் நடுவில் இடைவெளி விட்டால் அதை இரண்டு கிளாஸாக எடுத்துக்கொள்ளும், அடிக்கோடு போடுங்கள். பக்கப் பட்டியலில் இனி "வெதர்" என்ற பொதுப்பெயரை எங்கும் எழுதாதீர்கள்.

அதே மாட்யூல் பக்கத்துக்குப் பக்கம் வேறு இடத்தில் வேண்டுமென்றாலும் இதே வழிதான். கடிகாரத்தை இரண்டு முறை எழுதி, ஒன்றை மேல் இடதிலும் மற்றதை மேல் வலதிலும் வைத்து, தனித்தனி கிளாஸ் கொடுத்தால் முடிந்தது.

பக்கப் பட்டியல் எழுதுதல்

இப்போது கான்ஃபிக்கில் எம்எம்எம்-பேஜஸுக்கு ஒரு பகுதி சேர்க்க வேண்டும். இதற்கு இடம் குறிக்கத் தேவையில்லை; இது கண்ணுக்குத் தெரியாமல் வேலை பார்க்கிற மாட்யூல். உள்ளே முக்கியமானது "மாட்யூல்ஸ்" என்ற பட்டியல். பட்டியலுக்குள் பட்டியல்: வெளியே ஒரு சதுர அடைப்பு, உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சதுர அடைப்பு. உருவம் இப்படி இருக்கும்:

மாட்யூல்ஸ்: [
  [ "வெதர்_நவ்", "காலண்டர்" ],
  [ "வெதர்_வீக்", "நியூஸ்ஃபீட்" ],
  [ "காம்ப்ளிமெண்ட்ஸ்" ]
],
ஃபிக்ஸ்ட்: [ "க்ளாக்", "எம்எம்எம்-பேஜ்-இண்டிகேட்டர்" ],

ஃபிக்ஸ்ட் என்பது எல்லாப் பக்கத்திலும் நிற்பவர்களின் பட்டியல். நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் பேஜ் இண்டிகேட்டர் தானாகவே அதில் இருக்கும். நீங்களாக எழுத ஆரம்பித்துவிட்டால் அதன் பெயரையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வட்டங்கள் காணாமல் போகும். பின்னணியில் குடும்பப் படங்கள் ஓடுகிற மாட்யூல் வைத்திருந்தால் அதுவும் இங்கேதான். அப்டேட் அறிவிப்பையும் இங்கே போட்டுவிடுங்கள்.

வேறொரு ஐயமும் வரும். முதல் பக்கக் காலண்டரும் இரண்டாம் பக்கச் செய்தியும் ஒரே மூலையில் இருந்தால் இடிக்காதா? இடிக்காது. மறைந்த மாட்யூல் தன் இடத்தைக் காலி செய்துவிடும். ஒரே பக்கத்தில் ஒரே மூலைக்கு இரண்டு வந்தால் மேலே எது, கீழே எது? அதைப் பக்கப் பட்டியலின் வரிசை தீர்மானிப்பதில்லை. கான்ஃபிக் ஃபைலில் எந்த மாட்யூலை முதலில் எழுதினீர்களோ அதுதான் மேலே. இது தெரியாமல் பக்கப் பட்டியலையே மாற்றி மாற்றி அடுக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் வீணாக்கினேன்.

எழுதி முடித்ததும் மேஜிக் மிரர் ஃபோல்டரில் நின்று "என்பிஎம் ரன் கான்ஃபிக்:செக்" என்ற கட்டளையை ஓட்டுங்கள். கமா, அடைப்புக்குறிப் பிழைகளை வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். ஆனால் மாட்யூல் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அதற்குத் தெரியாது. அது உங்கள் கண்ணுக்கான வேலை.

தானாகப் புரள வேண்டுமா?

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தானாகப் புரளும் பக்கம் கடைவாசல் விளம்பரப் பலகைக்குப் பொருந்தும், வீட்டுக் கண்ணாடிக்கு அல்ல. வியாழக்கிழமை என்ன இருக்கிறது என்று பார்க்கும்போதே காலண்டர் மறைந்து செய்தி வந்தால், மூன்றாவது நாள் யாராவது ஒருவர் பிளக்கைப் பிடுங்குவார்.

இருந்தாலும் வேண்டுமென்றால், ரொட்டேஷன்டைம் என்ற ஆப்ஷனில் நேரம் கொடுக்க வேண்டும். கணக்கு மில்லி விநாடியில். 30 விநாடி என்றால் 30000. இது ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் என்பதால் 30 * 1000 என்றே எழுதலாம், பிறகு படிக்க எளிது. 0 என்று விட்டால் புரளாது. அதுதான் தொடக்க மதிப்பும்கூட. பத்து விநாடிக்குக் கீழே போகாதீர்கள். செய்தி மாட்யூல் தன் தலைப்புகளைப் பத்து விநாடிக்கு ஒன்றாக மாற்றும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பக்கத்துக்கு 15 விநாடி கொடுத்தால் ஒன்றரைத் தலைப்புதான் படிக்கக் கிடைக்கும்.

அனிமேஷன்டைம் என்பது ஒரு பக்கம் மங்கி அடுத்தது தெளிவதற்கான நேரம், தொடக்கத்தில் 1000. அதை அப்படியே விடலாம். ரொட்டேஷன்டிலே என்பது நீங்கள் கையால் பக்கம் மாற்றிய பிறகு தானியங்கி எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது. தொடக்க மதிப்பு 10000. அதை 60000 ஆக்கினால் மனிதர்கள் நிம்மதியாகப் படிப்பார்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே நேரம்தானே, முதல் பக்கம் மட்டும் அதிக நேரம் நிற்க வேண்டுமே என்றால் ஒரு குறுக்கு வழி. முதல் பக்கத்தின் பட்டியலை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதுங்கள். இரண்டிலும் அதே மாட்யூல்கள் என்பதால் எதுவும் மங்காது; பார்ப்பவருக்கு அது இரட்டிப்பு நேரம் நிற்பது போலத்தான் தெரியும். கீழே வட்டம் ஒன்று கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் வைத்திருப்பது வேறு ஏற்பாடு. ரொட்டேஷன்டைம் 0. ரொட்டேஷன்ஹோம்பேஜ் 90 விநாடி. அதாவது யாராவது வேறு பக்கத்துக்குப் போய் அப்படியே விட்டுவிட்டுப் போனால், கண்ணாடி தானாக வீட்டுப் பக்கத்துக்குத் திரும்பிவிடும். எது வீட்டுப் பக்கம் என்பதை ஹோம்பேஜ் என்ற ஆப்ஷனில் எண்ணாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை 0-வில் தொடங்கும். முதல் பக்கம் 0, மூன்றாம் பக்கம் 2.

பக்கம் மாற்றும் வழிகள்

பேஜஸ் மாட்யூல் காதைத் தீட்டிக்கொண்டு சில அறிவிப்புகளுக்காகக் காத்திருக்கும். பேஜ் இன்க்ரிமெண்ட் என்று யாராவது சொன்னால் அடுத்த பக்கம், பேஜ் டிக்ரிமெண்ட் என்றால் முந்தைய பக்கம், ஹோம் பேஜ் என்றால் வீடு, பேஜ் சேஞ்ச்ட் என்று சொல்லி ஓர் எண்ணும் கொடுத்தால் அந்தப் பக்கம். பாஸ் ரொட்டேஷன், ரெஸ்யூம் ரொட்டேஷன் என்று புரள்வதை நிறுத்தவும் தொடரவும் முடியும். எல்லாமே பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோட்டோடு எழுத வேண்டும். எண் கொடுக்கும்போது மேற்கோள் குறி போடாதீர்கள். எண் எண்ணாகவே போகட்டும்.

இந்த அறிவிப்பை யார் சொல்வது என்பதில்தான் உங்கள் கைவண்ணம்.

மிக எளிது, தொடுதிரையோ மவுஸோ இருந்தால் அந்த வட்டங்களையே தட்டலாம். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் தொடுதிரை வேலை செய்வது அரிது. அடுத்தது கைப்பேசி. எம்எம்எம்-ரிமோட்-கண்ட்ரோல் என்ற மாட்யூலைச் சேர்த்தால் பிரவுசரிலிருந்தே அறிவிப்பு அனுப்பலாம். இதற்கு கான்ஃபிக்கின் தொடக்கத்தில் உள்ள அட்ரஸ் என்ற வரியையும், எந்த ஐபிக்கு அனுமதி என்ற பட்டியலையும் மாற்ற வேண்டியிருக்கும். தொடக்கத்தில் கண்ணாடி தன்னைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாது. உங்கள் வீட்டு வைஃபை எண் வரிசையை மட்டும் அனுமதியுங்கள். ரவுட்டரில் 8080 போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். காலண்டரில் நீங்கள் ஊருக்குப் போகும் தேதியெல்லாம் இருக்கிறது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பட்டன்தான் சரி. எம்எம்எம்-பட்டன்ஸ் என்ற மாட்யூல், பையில் வெளிக் கருவிகளை இணைப்பதற்கான ஜிபிஐஓ பின்னில் இணைத்த சாதாரண பட்டனை அழுத்தினால் நீங்கள் சொன்ன அறிவிப்பை அனுப்பும். குட்டி அழுத்தத்துக்கு ஒன்று, நீண்ட அழுத்தத்துக்கு வேறொன்று என்று வைக்கலாம். குட்டி அழுத்தத்துக்கு அடுத்த பக்கம், நீண்ட அழுத்தத்துக்கு வீட்டுப் பக்கம். அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் ஆனது.

நேரத்தை வைத்து மாற்ற வேண்டுமானால் எம்எம்எம்-மாட்யூல்ஷெட்யூலர் இருக்கிறது. லினக்ஸின் க்ரான் முறையில் நேரம் எழுதி, அந்த நேரத்தில் இந்த அறிவிப்பை அனுப்பு என்று சொல்லலாம். நிமிடம் 0, மணி 6, மீதி மூன்றும் நட்சத்திரக் குறி என்றால் தினமும் காலை 6 மணி. காலை 6-க்கு முதல் பக்கம், இரவு 9-க்கு மூன்றாம் பக்கம் என்று வைத்துப் பாருங்கள். கண்ணாடி இரவில் அமைதியாகிவிடும்.

மறைவான பக்கம்

வரிசையில் வராத பக்கமும் வைக்கலாம். ஹிடன்பேஜஸ் என்ற ஆப்ஷனில் பெயர் கொடுத்து மாட்யூல்களைப் பட்டியலிட வேண்டும். இங்கே வெளி அடைப்பு சதுரமல்ல, நெளி அடைப்பு. ஷோ ஹிடன் பேஜ் என்ற அறிவிப்போடு அந்தப் பெயரைச் சொன்னால் தோன்றும். லீவ் ஹிடன் பேஜ் என்றால் முன்பிருந்த பக்கத்துக்குத் திரும்பும். மேஜிக் மிரரோடு கூடவே வரும் ஹலோவேர்ல்ட் மாட்யூலில் "வாங்க, வாங்க!" என்று எழுதி விருந்தாளிகளுக்கென்று ஒரு பக்கம் செய்தேன். ஃபிக்ஸ்ட் பட்டியல் இதற்குப் பொருந்தாது. கடிகாரம் இங்கேயும் வேண்டுமென்றால் இந்தப் பட்டியலிலும் தனியாக எழுத வேண்டும்.

தமிழில் எழுதும்போது ஒரு குறுக்கீடு. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பையில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற பேக்கேஜை நிறுவினால் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்துவிடும். பெரிய எழுத்தில் இரண்டு வரி வந்தால் மேல் வரியின் உகரக் குறி கீழ் வரியின் ஈகாரக் குறியை இடிக்கும். தோற்றத்தை மாற்றுவதற்கான கஸ்டம் சிஎஸ்எஸ் ஃபைலில் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

மாட்யூல் வரவில்லையா?

எல்லாம் சரியாக எழுதியும் ஒரு மாட்யூல் தலைகாட்ட மறுக்கிறதா? பெரும்பாலும் பூட்டுதான் காரணம். ஒரு மாட்யூலை மறைக்கும்போது, மறைத்தவர் தன் பெயரில் ஒரு பூட்டுப் போடுவார். பேஜஸ் மறைத்தால் பேஜஸின் பூட்டு. ஷெட்யூலர் மறைத்தால் அதன் பூட்டு. எல்லாப் பூட்டும் திறந்தால்தான் மாட்யூல் வெளியே வரும். ஒரு முறை சோதனைக்காக ரிமோட்டில் வானிலையை மறைத்துவிட்டு, அதைச் சுத்தமாக மறந்து, இரண்டு நாள் பேஜஸ் கான்ஃபிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். யூஸ்லாக்ஸ்ட்ரிங் என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கினால் பேஜஸ் பூட்டுப் போடாது என்பது உண்மை. ஆனால் அப்படிச் செய்தால் மற்ற மாட்யூல்கள் தம் இஷ்டத்துக்கு எந்தப் பக்கத்திலும் ஆட்களை வெளியே கொண்டுவந்துவிடும். ட்ரூ ஆகவே இருக்கட்டும்; மறைக்கும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், பேஜஸ் பகுதியை மட்டும் கமெண்ட் குறி போட்டு நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். இப்போது எல்லா மாட்யூலும் ஒரே நேரத்தில் குவிந்து தெரியும். அந்தக் கும்பலில்கூட அது இல்லையென்றால் குற்றம் பேஜஸுடையது அல்ல, அந்த மாட்யூலுடையது. கும்பலில் இருக்கிறதென்றால் பக்கப் பட்டியலில் அதன் பெயரையோ கிளாஸையோ தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

லேப்டாப் பிரவுசரில் 8080 போர்ட்டைத் திறந்து சோதிக்கும்போது கண்ணாடியில் ஒரு பக்கமும் லேப்டாப்பில் வேறு பக்கமும் தெரியும். பயப்பட வேண்டாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற கணக்கை ஒவ்வொரு திரையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. லேப்டாப் இப்போதுதான் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.